நாற்காலி மேல் கிடந்த கம்பளி

2001. அமெரிக்காவில் டூசான் நகரம். 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ' என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி. வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். நிபுணர்கள் பார்த்து விலை மதிப்பார்கள்.

ஒரு பெரியவர் கம்பளி கொண்டுவந்தார். வீட்டில் நாற்காலி முதுகில் சும்மா போட்டு வைத்திருந்தாராம். நிபுணர் சொன்ன மதிப்பு, மூன்றரை முதல் ஐந்து லட்சம் டாலர்! பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கம்பளியைத் தன் குடும்பத்துக்குக் கொடுத்தது கிட் கார்சன் என்று வீட்டில் சொல்வார்கள் என்றார்.

நெய்தது நவஹோ இந்தியர்கள். கார்சன் யார்? அங்கேதான் கதை இருக்கிறது.

அரிசோனா, நியூ மெக்ஸிகோ பக்கத்து மக்கள் நவஹோக்கள். தங்களை 'டினே' என்பார்கள். ஆடு ஸ்பானியர்கள் கொண்டுவந்தது. தறி, பக்கத்துப் பியூப்ளோ மக்களிடம் கற்றது. ஆனால் நவஹோப் பாட்டிகளைக் கேட்டால், 'சிலந்திப் பெண் கற்றுக்கொடுத்தாள்' என்பார்கள். கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் 750 அடி உயரத்துக்கு நிற்கும் பாறைதான் அவள் வீடு. பெண்கள் நெய்த போர்வைகளை மற்ற இனத்துப் பெரிய தலைகள் வாங்கிப் போர்த்திக்கொண்டார்கள்.

1863-ல் அமெரிக்க ராணுவம் நவஹோக்களை அடக்க அனுப்பிய ஆள்தான் கார்சன். அவருடைய படை சோளக்கொல்லைகளைக் கொளுத்தியது. ஆடுகளைக் கொன்றது. பீச் மரங்களைக்கூட வெட்டியது. பட்டினி தாங்காமல் சரணடைந்தவர்களைச் சுமார் 300 மைல் நடக்க வைத்து, பாஸ்க் ரெடோண்டோ முகாமில் அடைத்தார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல். நாலு வருஷத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

1868 ஒப்பந்தப்படி ஊர் திரும்பினார்கள். அரசு தருவதாகச் சொன்னது, 15,000 ஆடுகள். அதுதான் மூலதனம்.

ரயில் வந்தது, கூடவே மில் போர்வையும் மலிவாக வந்தது. இனி யாருக்காக நெய்வது? கனேடோவில் 1878-ல் கடை பிடித்த ஹப்பெல், கிரிஸ்டலில் இருந்த மூர் மாதிரி வியாபாரிகள் வழி சொன்னார்கள். கனமாக நெய்யுங்கள், ஓரத்தில் பார்டர் போடுங்கள், கிழக்கத்திய பணக்காரர் வீட்டுத் தரையில் விரிப்போம். போர்வை, ஜமக்காளம் ஆனது. மூர் 1903-லும் 1911-லும் கேட்லாக் அச்சடித்துத் தபாலிலேயே விற்றார்.

நெய்தவளுக்கு? பெரும்பாலும் காசு கிடையாது. கடைக் கணக்கில் மாவு, சர்க்கரை, காபி. சில கடைகளில் ஜமக்காளத்தைத் தராசில் வைத்து, பவுண்டுக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொண்டார்கள். பி.காம். படித்தவன் என்பதால் எனக்குக் கணக்கு உறுத்துகிறது. ஆடு மேய்த்தது, மயிர் கத்தரித்தது, சிக்கெடுத்தது, நூற்றது, சாயம் போட்டது, மாசக்கணக்கில் தறி முன்னால் உட்கார்ந்தது, இதெல்லாம் எந்தப் பற்றில்? 1968-ல் கிரவுன்பாயின்டில் நெசவுப் பெண்களே நேரடியாக விற்கும் ஏலம் தொடங்கியது, இந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

யாராவது உங்களிடம் 'ஒரிஜினல் நவஹோ' என்று நீட்டினால், முனையைப் பாருங்கள். அவர்கள் தறியில் பாவு ஒரே நூலாக ஓடித் திரும்பும். அதனால் இரண்டு முனையிலும் வெட்டின குஞ்சம் தொங்கினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நிஜமாகவே ஒன்று கிடைத்துவிட்டால், வாஷிங் மெஷினில் போடாதீர்கள், சிவப்பு ஓடிவிடும். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அந்துப் பூச்சி இருட்டில்தான் குடித்தனம் நடத்தும், அதனால் அடிக்கடி பிரித்துப் பாருங்கள்.

டூசான் கம்பளி பிறகு டெட்ராய்ட் மியூசியத்துக்குப் போனது. அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். கொடுத்ததாகச் சொல்லப்படும் கார்சனின் பெயரும் தெரியும்.

நெய்த பெண்ணின் பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.