கழுத்தின் மேல் ஊர்ந்த பெட்டி

1979-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அணு மருத்துவப் பிரிவு என்பது தரைத்தளத்தின் கோடியில் இரண்டு அறைகள். ஒன்றில் மருந்து வைக்கும் ஈயப் பானைகள். மற்றதில் ரெக்டிலீனியர் ஸ்கேனர். கழலை வந்தவர்களைப் படுக்கவைத்து, தோளுக்கடியில் தலையணை கொடுத்துக் கழுத்தை நிமிர்த்துவோம். முந்தின நாள் அவர்கள் குடித்த அயோடின்-131 தைராய்டில் எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈயம் சூழ்ந்த கனத்த பெட்டி ஒன்று கழுத்துக்கு மேல் இடமிருந்து வலமாக ஊரும். ஒரு நூலளவு இறங்கும். வலமிருந்து இடமாகத் திரும்பும். நெல் வயலில் ஏர் திரும்புவதுபோல. பெட்டியைத் தாங்கும் கையின் மறுமுனையில் ஒரு சிறு சுத்தி காகிதத்தின் மேல் தட்டிக்கொண்டே வரும். கதிர் மிகுதியாக வரும் இடத்தில் படபடவென்று தட்டும், வராத இடத்தில் சும்மா இருக்கும். காகிதத்தைப் பார்க்காமலே, காதைக் கொடுத்திருந்தால் போதும், கட்டி 'ஹாட்'டா 'கோல்ட்'டா என்று தெரிந்துவிடும்.

ஒரு கழுத்துக்கு அரை மணி ஆகும். முதல் வாரமே ஒரு பாட்டி அசையாமல் படுத்தபடி, உதட்டை மட்டும் திறந்து கேட்டார்: "தம்பி, எச்சில் முழுங்கலாமா?" முழுங்கினால் தைராய்டு மேலே ஏறி இறங்கும், வரி பிசகும். "இந்த வரி முடியட்டும் பாட்டி, சொல்றேன்" என்றேன். பெட்டி ஓரத்துக்குப் போய்த் திரும்பும் அந்த நொடிதான் அவருக்குக் கிடைத்த இடைவேளை.

அந்த யந்திரத்தை முதலில் செய்தவர் பெனடிக்ட் கேசன், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 1951-இல். அதற்கு முன்னால் கைகர் கவுன்ட்டரைக் கழுத்தின் மேல் புள்ளி புள்ளியாகப் பிடித்து, எண்ணிக்கையைக் கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். கேசன் அந்த வேலையைக் கையிலிருந்து பிடுங்கி மோட்டாரிடம் கொடுத்தார். கதிரைப் பிடிக்க கால்சியம் டங்ஸ்டேட் படிகம் வைத்தார். சி.டி. ஸ்கேன் வருவதற்கு 20 ஆண்டு முன்பே 'ஸ்கேன்' என்ற சொல் எங்கள் துறையில் புழங்கியது இந்த ஊர்தலால்தான். இன்று எல்லாரும் வாய் ஓயாமல் சொல்லும் சொல். கேசன் பெயர் மருத்துவர்களிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு அதில் தீராத மனக்குறை உண்டு. எங்கள் துறையின் வரலாற்றை நோயைக் கண்டுபிடித்தவர்களின் வரலாறாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். சால்டரிங் அயர்ன் பிடித்தவர்களின் வரலாறாகவும் அதைச் சொல்ல வேண்டும்.

அந்த வரிசையில் நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது ஹால் ஆங்கரை. மருத்துவர் இல்லை, பெர்க்லியில் மின்பொறியியல் இளங்கலை படித்தவர். போர்க்காலத்தில் எதிரியின் ராடாரைக் குழப்பும் கருவிகளில் வேலை செய்துவிட்டு, 1948-இல் பெர்க்லியின் டோனர் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு ராபர்ட் ஹாஃப்ஸ்டாடர், தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகம் காமா கதிர் பட்டால் எவ்வளவு நன்றாக மின்னும் என்று காட்டியிருந்தார். ஆங்கர் கேட்ட கேள்வி இதுதான்: கண்ணை ஏன் ஊரவிட வேண்டும்? ஒரே இடத்தில் நின்று முழுக் கழுத்தையும் பார்த்தால் என்ன?

1957-இல் அவர் செய்த கேமராவில் 4 அங்குல அகலம், கால் அங்குலத் தடிமனில் ஒரு படிகம். அதன் முதுகில் ஏழு ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்கள். காமா கதிர் படிகத்தில் விழுந்ததும் ஒரு சிறு மின்னல். இருட்டில் குளத்தைச் சுற்றி ஏழு பேர் நிற்கிறார்கள், ஒரு கல் விழுகிறது. பக்கத்தில் நிற்பவருக்குச் சத்தம் பலமாகக் கேட்கும், எதிர்க்கரையில் நிற்பவருக்கு மெலிதாக. ஏழு பேரும் கேட்ட அளவைச் சொன்னால் கல் விழுந்த இடத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஏழு குழாய்களின் மின்துடிப்புகளையும் ஒரு சுற்றில் சேர்த்து, இடவலம் எவ்வளவு, மேல்கீழ் எவ்வளவு என்று பிரித்தார் ஆங்கர். எல்லாவற்றின் கூட்டுத்தொகை கதிரின் ஆற்றலைச் சொல்லிவிடும். வழியில் சிதறித் தடம் மாறி வந்த கதிரை அதை வைத்தே தள்ளிவிடலாம். அத்தனையும் கணினி இல்லாமல் நடந்தது. ஒவ்வொரு கதிருக்கும் ஆஸிலோஸ்கோப்பில் ஒரு புள்ளி. புள்ளிகளைப் படச்சுருள் சேகரித்துக்கொள்ளும். 1962-இல் நியூக்ளியர்-சிகாகோ நிறுவனம் செய்த முதல் வணிகக் கேமரா ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மையர்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அதில் படிகம் 11 அங்குலம், குழாய் 19.

ஆனால் இந்தக் கேமராவுக்கு அயோடின்-131 ஒத்துவரவில்லை. அதன் கதிருக்கு ஆற்றல் அதிகம். மெல்லிய படிகத்தை ஊடுருவிப் போய்விடும். பொருத்தமான தீனி அதே ஊரில்தான் பிறந்திருந்தது. பெர்க்லி சைக்ளோட்ரானில் அடிபட்ட மாலிப்டினத் தகடு ஒன்றைத் தபாலில் வாங்கி, இத்தாலியின் பலெர்மோவில் பெரியரும் செக்ரேயும் 1937-இல் டெக்னீஷியத்தைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே பெர்க்லியில் செக்ரேயும் சீபோர்க்கும் டெக்னீஷியம்-99எம்மைக் கண்டார்கள். 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா தரும், நோயாளிக்குச் சுமை குறைவு. 20 ஆண்டு அதை யாரும் மருந்தாக நினைக்கவில்லை. புரூக்ஹேவன் ஆய்வகத்தில் டக்கரும் கிரீனும் வேறொரு ஐசோடோப்பைச் சுத்தம் செய்யும்போது இது அழுக்காக வந்து ஒட்டிக்கொண்டது. அழுக்கைத் தேடிப்போனவர்கள் மாலிப்டினம்-99 அதன் தாய் என்று கண்டார்கள். அதே ஆய்வகத்தின் பவல் ரிச்சர்ட்ஸ் ஊர் ஊராகச் சொல்லித்திரிந்து, 1961-இல் சிகாகோவின் பால் ஹார்ப்பர் கையில் அதைச் சேர்த்தார்.

தாய்க்கு அரை ஆயுள் 66 மணி. தாயை வைத்துக்கொண்டு தினமும் காலையில் குட்டியைப் பிரித்தெடுக்கலாம். உலகம் முழுக்க இதற்கு மாடு என்றும் பால் கறப்பது என்றும்தான் பெயர். நம் ஊர் மாடு தனி ரகம். வெளிநாட்டில் கண்ணாடிக் குழலில் உப்புநீர் ஊற்றினால் போதும். எங்களுக்கு மும்பையின் டிராம்பே அணு உலையில் செய்த மாலிப்டினம் கரைசலாக வந்தது. கரைப்பான் வைத்துப் பிரிக்க வேண்டும். மும்பை பரேலில் 1963-இல் தொடங்கிய கதிரியக்க மருத்துவ மையத்தில் பயிற்சிக்குப் போனபோது கற்றது அது. காலை ஏழு மணி. ஈயச் செங்கல் சுவருக்குப் பின்னால் கரைசலோடு மெத்தில் எத்தில் கீட்டோன் சேர்த்துக் கலக்குவோம். நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல ஒரு வாடை அறை முழுக்க எழும். சற்று விட்டால் இரண்டு அடுக்காகப் பிரியும். மாலிப்டினம் அடியில் தங்க, டெக்னீஷியம் மேலடுக்கோடு வந்துவிடும். அதை அலுமினா வழியாக இறக்கி, சூடுகாட்டிக் கரைப்பானை ஓட்டிவிட்டு, அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதை உப்புநீரில் எடுக்க வேண்டும். வெறும் குப்பிபோல இருக்கும். அளவுமானியில் வைத்தால் முள் எகிறும். திங்களன்று 100 பங்கு கிடைத்தால் சனிக்கிழமை 28 பங்குதான். அதனால் எலும்பு ஸ்கேன் வாரத் தொடக்கத்தில், தைராய்டு வாரக் கடைசியில். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நாங்கள் கொடுத்த தேதியெல்லாம் அந்த மாட்டின் மடியைப் பார்த்துக் கொடுத்ததுதான்.

எங்களுக்குக் காமா கேமரா வந்தது 1986-இல். குழாய் 37. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் திருகு. ஒரு குழாய் மற்றவற்றைவிடக் கூடக் குறையப் பேசினாலும் படத்தில் இல்லாத கட்டி தெரியும், இருக்கிற கட்டி மறையும். காலையில் முதல் வேலை, சீரான கதிர்த் தட்டு ஒன்றை முகப்பில் வைத்துப் படம் எடுப்பது. பால்போல ஒரே சீராக வர வேண்டும்.

1991 மே மாதம் ஒரு காலையில் அப்படி வரவில்லை. குறுக்கே தலைமுடி விழுந்ததுபோல ஒரு கோடு. முகப்பைத் துடைத்தேன், மறுபடி எடுத்தேன். கோடு அங்கேயே இருந்தது. இரவு முழுக்க மின்சாரம் இல்லை, அறை வெந்திருக்கிறது. விடிந்ததும் மின்சாரம் வந்தவுடன் யாரோ நல்ல எண்ணத்தில் ஏ.சி.யை முழுக் குளிரில் வைத்திருக்கிறார்கள். அந்தப் படிகம் சூடு குளிர் மெதுவாக மாறினால் தாங்கும், சட்டென்று மாறினால் வெடித்துவிடும். ஏ.சி.க்குத் தனி ஜெனரேட்டர் கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களின் நகலும் மேஜையில் இருந்தன. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

புதுப் படிகம் வர ஐந்து மாதம். ஸ்டோரில் துணி போர்த்திக் கிடந்த ரெக்டிலீனியர் ஸ்கேனரைத் தள்ளிக்கொண்டு வந்தோம். சுத்தியின் மை நாடா காய்ந்து உதிர்ந்தது. எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு ரிப்பன் வாங்கி, இரண்டு மாலை உட்கார்ந்து பொருத்தினேன். மூன்றாம் நாள் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் படுக்கவைத்துப் பெட்டியை ஓடவிட்டேன். தட்டல் மெதுவாகத் தொடங்கி இடப்பக்கம் போகப் போக நெருங்கிற்று. கேமராவோடு மட்டுமே பழகிய எங்கள் இளம் டாக்டர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எச்சில் முழுங்கட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"இந்த வரி முடியட்டும்மா."