விதையும் மண்ணும்: எலும்புக்குப் போகும் ஒரு புற்றுநோயின் கதை

இந்த முறை கொஞ்சம் கனமான விஷயம்.

சின்னமனூரில் என் தாத்தாவுக்கு இடுப்பு வலி வந்தபோது வீட்டில் யாரும் பயப்படவில்லை. ஐம்பது வருஷம் வயலில் குனிந்து நிமிர்ந்தவருக்கு இடுப்பு வலிக்கத்தானே செய்யும்? தைலம் தேய்த்தோம். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கி முதுகெலும்புக்குப் போன புற்றுநோய் என்று. "நோய் அங்க வந்துச்சுன்னா இங்க ஏன்டா வலிக்குது?" என்று என்னைக் கேட்டார். (விலங்கியல் படிக்கிறேன் அல்லவா, பேரனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.) எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததுதான் இது.

ஏறக்குறைய இதே கேள்வியை 1889-ல் ஸ்டீபன் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் கேட்டிருக்கிறார். நம் பக்கம் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்தார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. ஆனால் நோய் கல்லீரலில் அடிக்கடி வருகிறது, மண்ணீரலில் அபூர்வமாகத்தான் வருகிறது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று முடிவு கட்டினார். தாத்தாவிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "இதைச் சொல்ல லண்டன்காரன் வேணுமா? நம்ம பன்னீர் திராட்சைக் கொடியை வேற ஊர்ல நட்டுப் பாரு" என்றார் :)

எல்லோரும் பேஜெட்டை ஏற்கவில்லை. 1940-ல் பிலடெல்பியாவில் ஆஸ்கர் பேட்சன், சடலங்களின் ரத்தக்குழாய்களில் சாயம் செலுத்திப் பார்த்தார். இடுப்புப் பகுதியின் ரத்தக்குழாய்கள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள குழாய்களோடு சேர்கின்றன. அவற்றில் வால்வு கிடையாது. இருமினால், முக்கினால் கூட ரத்தம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். எனக்கென்னவோ இருவர் சொன்னதும் சரி என்றே படுகிறது. வாய்க்காலும் வேண்டும், மண்ணும் வேண்டும்.

1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், ஆண் ஹார்மோனைக் குறைத்தால் எலும்புவரை போன நோயும் அடங்குகிறது என்று காட்டினார். 1966-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்பி வந்தது.

புது மருந்து வேண்டுமென்றால் முதலில் விலங்கில் சோதிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். சுண்டெலிக்கு இந்த நோய் தானாக வருவதே இல்லை எனலாம். மனிதனை விட்டால் நாய்க்குத்தான் சொல்லும்படி வருகிறது. அதனால் மனிதச் செல்லை எடுத்து எலிக்குள் வைத்தார்கள். அப்படிப் புகழ்பெற்றது 1979-ல் அறிவிக்கப்பட்ட பிசி-3. 62 வயதுக்காரர் ஒருவரின் முதுகெலும்பில் பரவிய கட்டியிலிருந்து எடுத்தது. அவர் போய்விட்டார், அவருடைய செல்கள் இன்றும் உலகம் முழுக்க வளர்கின்றன. புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்திலும் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், வெங்காயத்தில் உள்ள குவர்செட்டினை இந்தச் செல்களில் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். (உடனே கிலோ கணக்கில் சின்ன வெங்காயம் வாங்கக் கிளம்பாதீர்கள். கண்ணாடித் தட்டில் நடப்பதெல்லாம் உடம்புக்குள் நடக்காது.)

ஒரு வேடிக்கை பாருங்கள். மனிதர்களில் இந்த நோய் பெரும்பாலும் தாறுமாறாகப் புது எலும்பை வளர்க்கும். எலியின் கால் எலும்பில் வைத்த பிசி-3 அதற்கு நேர்மாறு, எலும்பைத் தின்றுவிடும். இதை மட்டும் வைத்துச் சோதித்த மருந்தை எப்படி நம்புவது? 1997-ல் மிச்சிகனில் இன்னொரு நோயாளி இறந்தபின் அவர் முதுகெலும்பிலிருந்து விகேப் என்ற செல்வகையை எடுத்தார்கள். அது எலும்பை வளர்க்கவும் செய்கிறது.

நான் அதிகம் ரசித்த சோதனை 1999-ல் டெட்ராய்ட்டில் நடந்தது. எதிர்ப்புசக்தி இல்லாத சுண்டெலியின் தோலுக்கடியில் மனித எலும்புத் துண்டைப் பதித்தார்கள். பிறகு வால் ரத்தக்குழாய் வழியாக மனிதப் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்தினார்கள். செல்கள் எலியின் சொந்த எலும்பை விட்டுவிட்டு மனித எலும்பில் போய் உட்கார்ந்தன! பேஜெட் செத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த வழியில் யோசித்தவர்கள் விதையை விட்டு மண்ணைக் குறிவைத்தார்கள். ரேடியம்-223 கால்சியம் போலவே நடிக்கும், புது எலும்பு வளரும் இடத்தில் போய் ஒட்டும். அங்கிருந்து வெளிவரும் கதிர் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. நார்வேயில் எலிகளில் தொடங்கிய வேலைக்கு 2013-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. பெரிய சோதனையில் நோயாளிகள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 11.3 மாதத்திலிருந்து 14.9 மாதமானது. நூறு வருஷத்துக்கு மேல் தேடி மூன்றரை மாதமா என்று முதலில் எரிச்சலாக வந்தது. தாத்தாவைப் பார்த்தபின் மூன்றரை மாதம் சின்னதாகத் தெரியவில்லை.

அவருக்கு இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, ஹக்கின்ஸ் காட்டிய அதே வழி. வலி குறைந்திருக்கிறது, வரப்பு வரை நடக்கிறார். அடுத்த ஊசி தை மாதம்.