விருந்தாளிகளாகப் போன 13 பிள்ளைகள்

வளர்ச்சி பிந்திய கைக்குழந்தைக்குச் சிகிச்சையை எவ்வளவு வெள்ளனத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று இன்றைக்கு எந்த வைத்தியரைக் கேட்டாலும் சொல்லுவார். எங்கள் நாட்டில் பிறக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிற சுகாதாரப் பதிவேட்டிலேயே வளர்ச்சியைப் பார்த்துக் குறிக்கிற பக்கங்கள் இருக்கின்றன. பிந்தினால் பிசியோதெரபி, பேச்சுச் சிகிச்சை என்று அனுப்புவினம். (வீட்டில் ஆராவது ‘தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவன், விடுங்கோ’ என்று சொல்லி மறிக்காவிட்டால்.)

1930-களில் நிலைமை வேறு. புத்தி என்பது பிறப்போடு வருவது, அதை ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் பெரும்பாலான உளவியலாளர்கள் நம்பினார்கள். பிள்ளைக்குச் சோதனை வைத்து ஐக்யூ என்று ஒரு எண்ணைப் போட்டால் அந்த எண் சாகும்வரை கூடவே வரும். இது படித்தவர்களின் பொழுதுபோக்குக் கதையாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் ‘புத்தி மட்டானவர்கள்’ என்று தாங்கள் முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் வைத்திருந்தன. 1927-இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே அது சரி என்று தீர்ப்புச் சொன்னது.

இந்த நம்பிக்கையை உடைத்த முதல் சான்றுகளில் ஒன்று எங்கிருந்து வந்தது என்பதுதான் நாங்கள் சொல்ல வந்த கதை. அது ஆய்வுகூடத்திலிருந்து வரவில்லை. அதே முத்திரை குத்தப்பட்டு அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களின் வாட்டிலிருந்து வந்தது.

அயோவா மாநிலத்தில் டவன்போர்ட் என்ற ஊரில் ஓர் அநாதை இல்லம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் செத்த படைவீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. 1930-களில், பொருளாதாரம் விழுந்து கிடந்த காலத்தில், எல்லாவகைப் பிள்ளைகளாலும் நிரம்பி வழிந்தது. ஹரோல்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் அரசாங்கத்தின் சார்பில் அங்கே பிள்ளைகளைச் சோதிக்கப் போனார். கைக்குழந்தைகள் தொட்டில்களில் கிடந்தார்கள். பல தொட்டில்களின் பக்கங்களைச் சீலையால் மறைத்திருந்தார்கள், பக்கத்துத் தொட்டிலில் ஆர் கிடக்கிறது என்றுகூடத் தெரியாது. கண்ணுக்கு எட்டின தூரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் இல்லை. பால் கொடுக்கவும் துணி மாற்றவும் தாதி வருவார், அவசரமாகச் செய்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போவார். இரண்டு வயதானால் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு ஒரு விடுதி, அங்கே ஒரு மேற்பார்வையாளரும், உதவிக்கு மனமில்லாமல் நிற்கிற சில இளம் பெண்களும். ஒருவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஒருவரும் கதைக்கவும் இல்லை.

அங்கே இரண்டு பெண் குழந்தைகள். ஒன்றுக்கு 13 மாதம், மற்றதுக்கு 16 மாதம். மெலிந்து, மூக்குச் சளியோடு, நாள் முழுக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு சிணுங்கிக்கொண்டு கிடந்தார்கள். ஆறேழு மாதக் குழந்தை செய்கிறதைத்தான் செய்தார்கள். உடம்பில் நோய் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஐக்யூ 46, 35 என்று வந்தது. தத்துக் கொடுக்கத் தகுதியில்லை என்று முடிவெடுத்து, மனவளர்ச்சி குன்றியோருக்கான அரச நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி அனுப்புவது என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

ஆறு மாதம் கழித்து ஸ்கீல்ஸ் வேறு அலுவலாக அங்கே போனபோது, வாட்டில் இரண்டு சிறுமிகள் சிரித்துக்கொண்டு ஓடித் திரிந்தார்கள். அவருக்கு அடையாளமே தெரியவில்லை. திரும்பச் சோதித்தார். 46 இப்போது 77. 35 இப்போது 87. முதலில் அவரே தன் சோதனையை நம்பவில்லை, ஏதும் பிழையாக இருக்கலாம் என்று விட்டுவிட்டுப் பிறகு மீண்டும் சோதித்தார். முன்னேற்றம் நின்றது நின்றபடி இருந்தது.

நடந்தது என்னவென்றால், அந்தப் பிள்ளைகளை வளர்ந்த பெண்களின் வாட்டில் போட்டிருந்தார்கள். அங்கிருந்த பெண்களுக்கு 18 முதல் 50 வயது வரை. அவர்களின் ‘மனவயது’ 5 முதல் 9 என்று கோப்புகளில் எழுதியிருந்தது. வாட்டில் வேறு குழந்தைகள் இல்லை. தூக்குவதற்கு, சீவி உடுத்துவதற்கு, நடை பழக்குவதற்கு, திரும்பத் திரும்ப ஒரே சொல்லைச் சொல்லிக் காட்டுவதற்கு எத்தனையோ கைகள், எத்தனையோ வாய்கள். ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பெண் தன் சொந்தப் பிள்ளை மாதிரி ஏற்றுக்கொண்டாள், மற்றவர்கள் மாமி சித்தி மாதிரிச் சுற்றி நின்றார்கள். வேலை செய்கிற பணியாளர்களும் தங்கள் லீவு நாளில் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் விளையாட்டுச் சாமானும் படப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தார்கள்.

இதைக் கண்ட ஸ்கீல்ஸ் செய்த வேலை துணிச்சலானது, இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காததும்கூட. அநாதை இல்லத்திலிருந்து மூன்று வயதுக்குட்பட்ட, வளர்ச்சி பிந்திய பிள்ளைகளை அதேமாதிரி வாட்டுகளுக்கு அனுப்பினார். அந்த இரண்டு பேரோடு சேர்த்து மொத்தம் 13 பேர். நிறுவனத்தில் சேர்த்ததாகப் பதிந்தால் முத்திரை ஒட்டிக்கொள்ளும் என்று, அவர்களை ‘விருந்தாளிகள்’ என்று பதிய வைத்தார். சராசரி ஐக்யூ 64. ஒன்றரை வருசத்துக்குச் சற்று மேல் அங்கே இருந்ததில் சராசரியாக 27 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. ஒருவர்கூட இறங்கவில்லை.

அதே காலத்தில் அநாதை இல்லத்திலேயே இருந்துவிட்ட 12 பிள்ளைகளின் பதிவுகளைப் பிறகு எடுத்து ஒப்பிட்டார். அவர்கள் தொடங்கும்போது கெட்டிக்காரர்கள், சராசரி 87. ‘சாதாரணமான’ பிள்ளைகள் என்பதால் அவர்களை எங்கேயும் அனுப்பத் தேவைப்படவில்லை. அவர்களுக்குச் சராசரியாக 26 புள்ளிகள் குறைந்தன. இந்த 12 பேரைப் பற்றி வாசிக்கும்போதுதான் எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது. அவர்களுடைய வளர்ச்சியைப் பிந்த வைத்தது அந்தச் சீலை மறைத்த தொட்டில்.

1939-இல் ஸ்கீல்ஸும் டொக்டர் ஹரோல்ட் டையும் இதை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் இருந்த லூயிஸ் டெர்மன் போன்ற பெரிய பெயர்கள் பாய்ந்து விழுந்தன. புள்ளிவிபரத்தில் ஓட்டை, கைக்குழந்தைச் சோதனைகளை நம்ப முடியாது, தொகை சிறிது என்றார்கள். இந்த விமர்சனங்களில் நியாயமும் உண்டு: பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, 25 பேர் என்பது சின்னத் தொகைதான். ஆனால் எதிர்ப்பின் சூடு புள்ளிவிபரத்தால் மட்டும் வந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை. ‘புத்தி மட்டான’ பெண்கள் பிள்ளையின் புத்தியை வளர்த்தார்கள் என்றால் அந்தத் துறையின் அத்திவாரமே ஆடும் அல்லவா? போர் வந்தது, ஸ்கீல்ஸ் 1942-இல் சேவைக்குப் போனார், ஆய்வு மூலையில் கிடந்தது.

இருபது வருசம் கழித்து, 1960-களின் தொடக்கத்தில், அவர் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்டார். பெயர் மாறியவர்கள், மாநிலம் மாறியவர்கள், தத்துப் போனவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடி, 25 பேருக்கும் என்ன நடந்தது என்று கண்டுபிடித்தார். 1966-இல் முடிவுகள் வந்தன. வாட்டுக்குப் போன 13 பேரில் 11 பேர் பிறகு தத்தெடுக்கப்பட்டிருந்தார்கள். 13 பேருமே தங்கள் காலில் நின்றார்கள். 11 பேர் கலியாணம் செய்திருந்தார்கள். படிப்பின் இடைநிலை 12-ஆம் வகுப்பு. மற்ற 12 பேரில் ஒருவர் இளம் வயதில் நிறுவனத்திலேயே செத்துப்போனார், நாலு பேர் இன்னும் நிறுவனங்களில் இருந்தார்கள். அவர்களின் படிப்பின் இடைநிலை மூன்றாம் வகுப்பைக்கூடத் தொடவில்லை. ஒரேயொருவர் தப்பினார். அவருக்குக் காது மந்தம் என்பதால் காது கேளாதோர் பாடசாலைக்கு அனுப்பியிருந்தார்கள், பிறகு அச்சுக் கோர்க்கிற தொழிலில் நல்ல நிலைக்கு வந்தார்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மூளை வாதம் உள்ள பிள்ளையையோ டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளையையோ தூக்கிக் கொஞ்சினால் எல்லாம் மாறிவிடும் என்று இந்தக் கதை சொல்லவில்லை. அயோவாப் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பிரச்சினை ஆரும் கவனிக்காததால் வந்தது. ‘தாய் சரியாகப் பார்க்காததால்தான் பிள்ளைக்கு இப்படி’ என்று சொல்ல ஆராவது இதைப் பாவித்தால் அது பெரிய அநியாயம். ஆனால் உடல் சார்ந்த பிரச்சினை உள்ள பிள்ளைகளிடமும் ஓர் ஆச்சரியம் உண்டு. 1988-இல் அமெரிக்காவில், கால்களில் இறுக்கம் உள்ள மூளை வாதக் குழந்தைகள் 48 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஒரு வருசம் பிசியோதெரபி. மறு பகுதிக்கு முதல் ஆறு மாதம் பெற்றோரோடு விளையாடிப் பழகுகிற பயிற்சி, அதன்பிறகே பிசியோதெரபி. நடை, அசைவிலும்கூட முன்னுக்கு நின்றவர்கள் விளையாடியவர்கள். பிசியோதெரபி வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பிசியோதெரபியை வழக்கமாக முதலில் கொடுக்கிற முறைக்குத்தான் அது கேள்வியாக இருந்தது.

1968-இல் ஸ்கீல்ஸுக்கும், அவரோடு அயோவாவில் வேலை செய்த மேரி ஸ்கோடக்குக்கும் கென்னடி மன்றத்தின் விருது கிடைத்தது. மேடையில் அதைக் கொடுத்தவர் அந்த 13 பேரில் ஒருவர். 1986-இல் அமெரிக்காவில் பிறப்பிலிருந்து இரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு ஆரம்பச் சிகிச்சைக்கான சட்டம் வந்தது. அதற்கு வழி விட்ட ஆய்வுகளில் இதையும் வைத்து எழுதுவார்கள்.

ஸ்கீல்ஸ் தேடிப் போனது பிள்ளைகளை. ஆர் என்ன வேலை, எவ்வளவு சம்பளம், அவர்களின் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதெல்லாம் 1966 அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நடை பழக்கி, முதல் சொல் சொல்லிக் கொடுத்த பெண்களின் பெயர்கள் அதில் இல்லை. வாட்டில் விருந்தாளிகளாகப் பதியப்பட்டவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.