இரேனியஸ் ஐயரும் நெல்லைச் சபைப் பிளவும்

தாயகம் நீங்கி வட நகரங்களில் குடியேறிய தமிழர் இருவர் கூடினால் ஒரு சங்கம் தோன்றும். மூவர் கூடினால் இரண்டு சங்கங்கள் தோன்றும் என்று நம்மவரே நம்மை எள்ளி நகையாடுவதுண்டு. அந்நகைப்பில் உண்மை சிறிதும் இல்லை என்று நாம் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல இயலாது. மன்றமாயினும் கோயிலாயினும் திருச்சபையாயினும், பலர் கூடி உழைக்கும் இடத்தில் கட்சி தோன்றுதல் புதுமையன்று. அக்கட்சி எதன் பொருட்டுத் தோன்றியது, அதில் தலைவர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பனவே எண்ணத்தக்கவை. அவ்வகையில் ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முன்னர்த் திருநெல்வேலிச் சீமையில் நிகழ்ந்த ஒரு பிளவின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

தமிழுக்கு வந்த தொண்டர்

இரேனியஸ் ஐயர் பிரஷ்ய நாட்டில் 1790ஆம் ஆண்டு பிறந்தவர். லுத்தரன் முறைப்படி குருப்பட்டம் பெற்று, இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தார் அனுப்ப, 1814இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1820இல் பாளையங்கோட்டையை அடைந்தார். அங்கே கிறித்தவம் அவருக்கு முன்னரே வேரூன்றியிருந்தது. 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் என்னும் தமிழர் அடுத்த ஆண்டே பாளையங்கோட்டைக்கு வந்து உழைத்திருந்தார். எனினும் பின்வந்த ஆண்டுகளில் மேய்ப்பரின்றிச் சபைகள் தளர்ந்திருந்தன.

இரேனியஸ் அவற்றைத் தூக்கி நிறுத்தினார். பள்ளிகளைத் திறந்தார், ஊர் ஊராகச் சென்று உபதேசிமாரைப் பயிற்றினார், புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தினார், ஆங்கிலத்தில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார், 1832இல் 'பூமி சாஸ்திரம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். மதம் மாறியதால் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றினார். 1827இல் உருவான டோனாவூர், பொருளுதவி செய்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. நிலம் வாங்கவும் ஆலயங்கள் எழுப்பவும் 1830இல் தரும சங்கம் என்னும் அமைப்பும் தோன்றியது. பதினைந்து ஆண்டுகளுக்குள் சபையாரின் தொகை 10,000ஐக் கடந்தது.

பூசலின் வேர்

வளர்ச்சியே சிக்கலைக் கொணர்ந்தது. ஊர்தோறும் உபதேசிமார் இருந்தனர். ஆயின் திருவிருந்து வழங்கக் குருப்பட்டம் பெற்றோர் மிகச் சிலரே. தம் உபதேசிமாருள் தகுதியுடையோருக்குத் தம் லுத்தரன் மரபுப்படியே பட்டம் அளிக்கலாகாதா என்று இரேனியஸ் கேட்டார். அக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் முன்மாதிரி இருந்தது. 1733இல் தரங்கம்பாடியில் ஆரோன் என்னும் தமிழர் அம்முறையிலேயே பட்டம் பெற்றார். சத்தியநாதனும் அவ்வாறே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சங்கமொன்றே லுத்தரன் குருமாருக்குப் படி அளந்து வந்தது. அத்தியட்சர் கை வைக்காத பட்டம் செல்லுமா என்று எவரும் கேட்டிலர்.

ஆனால் காலம் மாறியிருந்தது. 1814இல் கல்கத்தாவில் ஆங்கிலத் திருச்சபையின் அத்தியட்சர் பீடம் நிறுவப்பட்டது. 1835இல் சென்னைக்கும் தனி அத்தியட்சர் வந்தார். அத்தியட்சர் இருக்கும் நாட்டில் அவர் கரத்தாலேயே பட்டம் அளிக்கப்பட வேண்டும் என்று சங்கத்தார் வற்புறுத்தினர். முன்னர் முறையாக இருந்தது இப்பொழுது முறைகேடாயிற்று.

இந்நிலையில் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலக் குரு திருச்சபையைப் பற்றி எழுதிய நூலுக்கு இரேனியஸ் ஒரு மதிப்புரை எழுதி 1834இல் அச்சிட்டார். அதில் ஆங்கிலத் திருச்சபையின் அமைப்பையும் வழிபாட்டு முறைகளையும் ஒளிவு மறைவின்றிக் கண்டித்தார். சங்கத்தார் 1835இல் அவருடன் இருந்த தொடர்பைத் துண்டித்தனர்.

யார் பக்கம் நியாயம்?

இங்கே நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். ஒரு திருச்சபையின் பணத்தால் ஊழியம் செய்துகொண்டே அத்திருச்சபையை வெளிப்படையாக இகழ்வது முறையா என்று சங்கத்தார் கேட்டதில் நியாயம் உண்டு. எம் முறையை முழுதும் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடா என்னை அழைத்தீர்கள் என்று இரேனியஸ் கேட்டிருப்பின் அதிலும் நியாயம் உண்டு. ஆங்கிலேயர் முன்வராத காலத்தில் லுத்தரன் குருமாரைத் தேடி அழைத்தவர்கள் அச்சங்கத்தாரே அன்றோ? இருதரப்பும் மனச்சான்றின்படியே நடந்தன. தீயவர் ஒருவரும் இல்லாத வழக்குகளே தீர்ப்பதற்கு அரியவை.

ஆயினும் ஒரு குறையை நாம் மறைத்தல் தகாது. பட்டம் பெறவேண்டியவர் தமிழர். சபைகளாய் இருந்தோர் தமிழர். ஜெபவீடுகளுக்கு மண் சுமந்தோரும் தமிழர். ஆனால் முடிவு செய்யும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை. இலண்டனிலும் சென்னையிலும் அமர்ந்தோர் கூடிப் பேசி எழுதிய மடல், பாளையங்கோட்டையில் பத்தாயிரம் பேரின் மேய்ப்பரை அகற்றியது.

மீண்டு வந்தமையும் பிளவும்

இரேனியஸ் முதலில் பெருந்தன்மையோடு விலகினார். பூசலை வளர்க்க விரும்பாமல் நெல்லையை விட்டு நீங்கி, ஆர்க்காட்டுப் பகுதியில் புதிய பணி தொடங்கச் சென்றார். அங்கே உபதேசிமாரிடமிருந்தும் சபையாரிடமிருந்தும் அழைப்பு மடல்கள் அவரைத் தொடர்ந்தன. 1835 அக்டோபரில் அவர் திரும்பி வந்தார். ஷாஃப்டர், முல்லர், லெக்லர் என்னும் உடன் ஊழியரும் அவர் பக்கம் நின்றனர்.

அதற்குள் சங்கத்தின் சார்பில் பெட்டிட் ஐயர் பொறுப்பேற்றிருந்தார். ஊர்களும் உபதேசிமாரும் இரண்டாகப் பிரிந்தனர். அன்புக்கு உரியவர் ஒருபுறம். மாதந்தோறும் சம்பளம் தரும் சங்கம் மறுபுறம். குடும்பம் காக்கவேண்டிய ஓர் ஏழை உபதேசியார் எப்பக்கம் நின்றாலும் மறுபக்கத்தார் அவரைத் துரோகி என்றே எண்ணுவர். நேற்றுவரை ஒரே பாயில் முழந்தாளிட்டோர் இன்று ஒருவரையொருவர் ஐயத்தோடு நோக்கினர். இரேனியஸ் அழைப்புக்கு இரங்கி வந்தது அன்பின் செயலே. அவ்வன்பே பிளவை நிலைப்படுத்தியது என்பதையும் வரலாறு மறுக்கவில்லை. மேய்ப்பர் ஒருவர், தம்மை நேசிப்போரின் குரலைக் கேட்பதா, தம்மால் பிளவுபடும் மந்தையை நினைத்து ஒதுங்கி நிற்பதா? இதற்கு எளிதில் விடை கூற நம்மால் இயலவில்லை.

முடிவும் படிப்பினையும்

1838 ஜூன் 5ஆம் நாள், தம் நாற்பத்தேழாம் வயதில் இரேனியஸ் பாளையங்கோட்டையில் மறைந்தார். அவருடைய உடல் அங்கேயே அடைக்கலாபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தலைவர் மறைந்தபின் பிளவு நெடுநாள் நீடிக்கவில்லை. ஷாஃப்டரும் முல்லரும் சங்கத்திற்குத் திரும்பினர். லெக்லர் வேறொரு சங்கத்தைச் சார்ந்து சேலத்தில் உழைத்தார். பிரிந்த சபைகள் மீண்டும் கூடின. எந்தத் திருச்சபை அவரை விலக்கியதோ, அதன் மரபில் வந்தோரே பிற்காலத்தில் அவரைத் 'திருநெல்வேலியின் அப்போஸ்தலர்' என்று போற்றலாயினர்.

அவர் எழுப்பிய வினா மட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பேராயர் கரத்தால் பட்டம் பெறாத குருமாரும் மறுபட்டமின்றி அதன் குருமாராக ஏற்கப்பட்டனர். 1835இல் ஒரு மனிதரை வெளியேற்றிய வேற்றுமை, 1947இல் ஒன்றாய் அமர்வதற்குத் தடையாகவில்லை. 1970இல் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை தோன்றியபோது, குருமார் ஒருவர் தலைமீது ஒருவர் கை வைத்து ஒன்றாயினர். இன்று வட நகரங்களில் வாழும் நெல்லைக் குடும்பங்கள் பல அத்திருச்சபையின் ஆலயங்களில் தமிழில் வழிபடுகின்றன.

நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் விட்டுக்கொடுக்க முடிந்ததை அன்றே விட்டுக்கொடுத்திருக்கலாகாதா என்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். நம் காலத்துப் பூசல்களைப் பற்றி நம் பெயரர்கள் இவ்வாறு கேட்கும் நாளும் வரும். பதவிக்கும் வரவுசெலவுக்கும் நாம் இடும் சண்டைகள் அன்றைய பூசலைப் போல மனச்சான்றின் பொருட்டு எழுந்தவையும் அல்ல. மாற்றுக் கட்சியில் நிற்பவரும் தம் மனச்சான்றுக்கு அஞ்சி நடப்பவராக இருக்கலாம் என்னும் ஓர் எண்ணம் நம்மிடம் எஞ்சியிருக்குமாயின், பிரிந்தாலும் மீண்டும் கூடும் வழி அடைபடாது.