பாதையில் வைத்த இலை: கோலார் வட்டாரத்தில் வழிப்போக்கர் குறிகளின் வரலாறு

தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்று தமிழக வழித்தட ஆய்வில் பெயர்பெற்றது. அதியமான் பெருவழியில் நடந்தவர்களுக்கு நாவற்தாவளம் இன்னும் 29 காதம் என்று அது சொல்கிறது. அந்தத் தொலைவை எழுத்தில் வெட்டியதோடு கல்தச்சன் நிறுத்தவில்லை; கல்லில் குழிகளையும் குடைந்திருக்கிறான். பெரிய குழி ஒவ்வொன்றும் பத்து, சிறிய குழி ஒவ்வொன்றும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத சுமைகாரனும் பொதிமாட்டுக்காரனும் விரலால் தடவியே தூரத்தை அறிந்துகொள்ளலாம். இருட்டிலும் அறியலாம். வழிப்போக்கனை மதித்த ஒருவர் செய்வித்த கல் அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த நிலத்திலிருந்தும் அதை ஒட்டிய வட ஆர்க்காடு, சித்தூர்ச் சீமைகளிலிருந்தும்தான் அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு பல்லாயிரம் பேர் கோலார் தங்கவயலை நோக்கிக் கிளம்பினார்கள். இந்த இடைக்காலத்தில் வழிப்போக்கர் குறிக்கு என்ன நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழிப்போக்கனுக்காக வைக்கப்பட்ட குறி எந்தக் கட்டத்தில் வழிப்போக்கன் மேலேயே வைக்கப்படும் குறியாக மாறியது?

வழிப்போக்கர் குறி என்றதும் உலகம் அமெரிக்க ஹோபோக்களைத்தான் நினைக்கிறது. 1873இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வேலை தேடிச் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு திரிந்த கூலித் தொழிலாளர்கள் அவர்கள். வேலியிலும் சுவரிலும் கரியால் பூனைப் படம் கீறியிருந்தால் அந்த வீட்டு அம்மாள் இரக்கமுள்ளவள். சிலுவை இருந்தால் பக்திப் பேச்சைக் கேட்டுக்கொண்டால் சோறு கிடைக்கும். பட்டியல்கள் இப்படிச் சொல்கின்றன. ஆனால் அப்பட்டியல்களில் பெரும்பங்கு பத்திரிகைகளும், 'ஏ-நம்பர் ஒன்' என்று தன்னை அழைத்துக்கொண்ட லியோன் ரே லிவிங்ஸ்டன் போன்றவர்கள் விற்பனைக்கு எழுதிய நூல்களும் பரப்பியவை. ரயில் பெட்டிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் அவர்கள் உறுதியாக எழுதிச் சென்றது தங்கள் பட்டப்பெயரையும், தேதியையும், போகும் திசையையும். அதற்கும் முன்பு, 1859இல் லண்டன் பதிப்பாளர் ஜான் கேம்டன் ஹாட்டன் தம் கொச்சைமொழி அகராதியில் பிச்சைக்காரர் குறிகளை வெளியிட்டார். இரு நாடுகளிலும் அலைபவனின் குறி நமக்கு வந்துசேர்வது வீட்டுக்குள் இருப்பவனின் அச்சத்தின் வழியாகத்தான். கோலார்ப் பக்கச் சான்றுகளைப் படிக்கும்போதும் இதை மறக்கக் கூடாது.

தமிழ் மரபு ஒரு கூட்டத்தாரின் மறைமொழியைக் கண்டு அஞ்சியதில்லை. அதற்கு இலக்கணத்திலேயே இடம் கொடுத்தது. நன்னூல் குழூஉக்குறியைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. மங்கலச் சொல்லும் இடக்கரடக்கலும் இருக்கும் அதே வரிசையில். உரைமரபு அதற்குத் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது. நன்னூலை ஆக்குவித்த சீயகங்கனைக் கல்வெட்டுகள் குவளாலபுரத்துக்குத் தலைவன் என்று போற்றுகின்றன. குவளாலபுரம் இன்றைய கோலார். கங்கர்களின் பழைய தலைநகரம். கோலார்ப் பட்டம் தாங்கிய ஒருவன் செய்வித்த இலக்கணத்தில் குழூஉக்குறி இடம்பெற, அதற்குச் சான்றாக உரைகாரர் கைக்கு வந்தது பொன்னின் மறைபெயர். இது தற்செயல்தான். ஆனால் அதியமான் பெருவழிக் கல்லும் நன்னூலும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, குறி வைத்துப் பேசுவது குற்றமாகத் தோன்றாத ஒரு காலம் கண்முன் வருகிறது. மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் அந்தக் காலத்தின் வாரிசுகள்.

முறிவு 1799க்குப் பிறகு நேர்ந்தது. திப்பு வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போருக்குப் பின் பெங்களூர்ப் பக்கம் ஏறக்குறைய நூறு பேர் பிடிபட்டார்கள். சித்தூர், ஆர்க்காடு வட்டாரத்தில் 1807இல் மேலும் பலர் பிடிபட்ட பிறகே அவர்களைப் 'பான்சிகர்' என்ற தனிக்கூட்டமாக ஆங்கிலேயர் வகைப்படுத்தினர். சுருக்குப்போட்டுக் கொல்லும் வழிப்பறிக்காரர் என்பது அதன் பொருள். சென்னையிலிருந்த மருத்துவர் ரிச்சர்ட் ஷெர்வுட் 1816இல் அவர்களைப் பற்றி எழுதிய கட்டுரைதான் பிறகு வட இந்தியத் தக்கர் வேட்டைக்கு முன்னோடியானது. அந்த வேட்டையை நடத்திய ஸ்லீமன் 1836இல் தக்கர்களின் மறைமொழிச் சொற்களைத் தனி நூலாகவே அச்சிட்டார். சாலை பிரியும் இடத்தில் முன்னே போனவன் காலால் புழுதியை இழுத்துக் கோடு போடுவான். புழுதி இல்லாத இடத்தில் கல்மேல் கல் வைத்து இலை செருகுவான். பின்னால் வருபவன் அதைப் பார்த்து வழி அறிவான் என்று அக்காலத்து ஆங்கில நூல்கள் விவரித்தன.

கொலைகள் நடந்தன, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கிளைப்பாதையில் இலை வைப்பது கொலைகாரனின் கண்டுபிடிப்பு அன்று. திருவிழாவுக்கு நடந்துபோகும் எந்தக் குடும்பமும், ஆட்டுக்கிடை பெயர்க்கும் எந்தக் கீதாரியும் பின்னால் வருபவனுக்கு ஒரு கொப்பை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஐரோப்பாவின் ரோமா மக்கள் இதே குறியைப் 'பத்ரின்' என்பார்கள். இந்தியாவிலிருந்து போன அவர்கள் மொழியில் அதற்கு இலை என்று பொருள். வடமொழிப் 'பத்ர' என்பதன் வழிவந்தது. நம் பத்திரமும் பத்திரிகையும் அதே வேரில் முளைத்தவை. தமிழில் ஓலையும் இலைதான், கடிதமும்தான். பாதையில் கிடக்கும் இலையும் பதிவு அலுவலகத்துப் பத்திரமும் ஒரு தாய்ப் பிள்ளைகள். இரண்டில் ஒன்று மட்டும் சட்டத்தின் பார்வையில் சந்தேகத்துக்குரியதானது.

சந்தேகம் சட்டமாக மாறிய ஆண்டு 1871. அவ்வாண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதில் சிக்கிய குறவர்களின் வரலாற்றை மீனா ராதாகிருஷ்ணா விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்கள் அவர்கள். ரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் அந்தப் பிழைப்பைப் பறித்தன. பிழைப்பு போனபின் நடை மட்டும் மிஞ்சியது, நடையே குற்றமாயிற்று. சென்னை ரயில்வே காவல்துறையின் பாப்பாராவ் நாயுடு ரயில் திருடர்களைப் பற்றி ஒரு நூலும், குறவர்களைப் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். அலைபவனின் சாடைகளை அறிவது காவலரின் கல்வியாயிற்று. சொற்களிலும் இதன் தழும்பு இருக்கிறது. பரதேசி என்றால் வேற்று நாட்டான், அவ்வளவுதான். இன்று அது வசைச்சொல்.

அலைபவனை அடையாளங்காண அரசு கண்ட கருவி கைரேகை. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் உள்ளங்கைப் பதிவு வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் காப்பகம் தொடங்கியது. அதை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் பெயர்களை எட்வர்ட் ஹென்றியின் பெயர் நெடுங்காலம் மறைத்தது. எழுத்தறியாதவன் படிப்பதற்கென்று கல்லில் குடைந்த குழி போய், எழுத்தறியாதவனைப் பிறர் படிப்பதற்கென்று அவன் கட்டைவிரலை மையில் தோய்க்கும் காலம் வந்தது.

இந்தக் காலத்தில்தான் கோலார் தங்கவயல் எழுந்தது. அமெரிக்காவில் ஹோபோக்களைத் தெருவில் விட்ட அதே 1873இல் மைக்கேல் லவல் என்ற அயர்லாந்து முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டார். 1880களில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் கைவைத்த பின்பு தங்கம் பெருகியது. பெங்களூர்–சோலையார்பேட்டை ரயில் 1864இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, சுரங்கங்களுக்குப் போகும் கிளைப்பாதை 1894இல் வந்தது. 1901 கணக்கெடுப்பில் தங்கவயலின் மக்கள்தொகை 38,204. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

இவர்களுக்குச் சுவரில் கீறிய பூனை தேவைப்படவில்லை. ஹோபோ தனியாள். கோலாருக்கு வந்தவன் மாமனோடும் பங்காளியோடும் வந்தான். யாருடைய கங்காணம் கொடியது, எந்த லைனில் நம் ஊர்க்காரர் இருக்கிறார்கள், எந்தச் சுரங்கத்தில் பாறை வெடிப்பு அதிகம் என்பதெல்லாம் அறுப்புக்கு ஊர் திரும்பியவன் வாயிலிருந்தே கிளம்பும். ஊருக்கும் வயலுக்குமான இந்தப் போக்குவரத்தை நிர்வாகம் தலைவலியாகக் கருதியது. தொழிலாளிக்கோ அதுவே காப்பு. பிடிக்காவிட்டால் நடையைக் கட்டலாம் என்ற ஒரே பலம்.

அந்தப் பலத்தைத் தொட்டபோதுதான் 1930இல் தங்கவயல் கொதித்தது. தொழிலாளிகளைக் கைரேகையோடு பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜானகி நாயரின் ஆய்வு இப்போராட்டத்தை மைசூர்த் தொழிலாளர் வரலாற்றின் முக்கியத் திருப்பமாகக் காட்டுகிறது. கூலி உயர்வைவிடக் கட்டைவிரல் பெரிதாகத் தெரிந்தது ஏன் என்று கேட்டால், மேலே சொன்ன நூற்றாண்டுக் கதைதான் விடை என்பேன். கைரேகை குற்றவாளியிடம் வாங்குவது என்பதை ஒவ்வொரு ஊரும் அறிந்திருந்தது. பதிவேட்டில் விரல் விழுந்துவிட்டால் ஒரு சுரங்கத்தைவிட்டு இன்னொன்றுக்கு வேறு பெயரில் போக முடியாது. அலைபவனுக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை அத்தோடு முடியும்.

கட்டைவிரலைத் தர மறுத்த இதே ஊர், எழுத்தை இழுத்து அணைத்துக்கொண்டது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் நின்றுபோனபின், 1926இல் அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. சென்னைக்கும் கோலாருக்கும் பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்குமாகச் சிதறியிருந்த ஒரு மக்கள்கூட்டம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட தாள் அது. முன்னே போனவன் பின்னால் வருபவனுக்கு விட்டுச்சென்ற இலை இங்கே உண்மையிலேயே பத்திரிகையாயிற்று. மறைக்க வேண்டிய குறியாக அல்லாமல், விலைபோட்டு வெளியிட்ட குறியாக.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சுரங்கத்தார் பிள்ளைகள் மறுபடி வழிப்போக்கர்கள் ஆனார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியலுக்கு முன்பே கிளம்பும் ரயில்கள் அவர்களைப் பெங்களூருக்கு வேலைக்குக் கொண்டுபோய் இரவில் கொண்டுவந்து இறக்குகின்றன. அந்த ரயிலிலும் குறிகள் உண்டு. மாரிக்குப்பத்தில் ஏறுபவர் பங்காருபேட்டையில் ஏறப்போகும் நண்பருக்காகப் பலகையில் ஒரு துண்டை விரித்துவைக்கிறார். நெரிசலில் நிற்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறார்கள்.