கிணத்துக்குள்ள ஒரு மோட்டார்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப கிணத்தை எட்டிப் பார்த்தேன். பொள்ளாச்சி பக்கம், தாத்தா கட்டின ஓட்டு வீடு. கிணத்துக்குள்ள பாதி ஆழத்துல ரெண்டு இரும்பு கர்டர், அது மேல துருப்பிடிச்ச ஒரு மோட்டார். "ஏனுங்கப்பா, இதை மேலயே வெச்சிருக்கலாமில்லீங்க?"ன்னு கேட்டேன். "மேல வெச்சா இழுக்காது கண்ணு"ன்னார். ஏன் இழுக்காதுன்னு தேடப் போய், இத்தாலி வரைக்கும் போக வேண்டியதாயிடுச்சு.

1638-ல் வந்த கலிலியோவோட புத்தகத்துல ஒரு உரையாடல். அதுல ஒருத்தர் பம்ப் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மெக்கானிக்கைக் கூப்பிடுறார். அவர் வந்து பார்த்துட்டு, "பம்ப்ல கோளாறு இல்லை, தண்ணி கீழே போயிடுச்சு. 18 முழத்துக்கு மேல எந்தப் பம்பும் இழுக்காது"ங்கிறார். (அவங்க ஊர் முழம் நம்மளை விடப் பெரிசு. சுமார் 10 மீட்டர் வரும்.) கயிறு தன் பாரத்துலயே அறுந்து போற மாதிரி தண்ணியும் அறுந்துடுதுன்னு கலிலியோ நினைச்சார். அது தப்பு. ஆனா மெக்கானிக் சொன்ன கணக்கு சரி!

காரணத்தைச் சொன்னது டாரிசெல்லி. பம்ப் தண்ணியை இழுக்கிறதே இல்லை. குழாய்க்குள்ள காத்தை எடுத்துடுது, அவ்வளவுதான். வெளியே இருக்கிற காத்து கிணத்துத் தண்ணியை அமுக்கி மேலே தள்ளுது. பாதரசத்தை வெச்சுப் பார்த்தா அது 76 செ.மீ. வரைக்கும் தள்ளும். பாதரசம் தண்ணியை விட 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்க, 10.3 மீட்டர் வரும். நடைமுறையில 7 மீட்டர், அதாவது 23 அடி தாண்டுறதே கஷ்டம்.

இனி எங்க கதை. கோயம்புத்தூர் பக்கம் பைக்காரா மின்சாரம் 1930-களிலேயே வந்தாச்சு. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூர்லயே மோட்டார் செஞ்சாங்க. ஆனா எங்க வீட்டுக்கு மோட்டார் வந்தது 1979-ல்தான். அதுவரைக்கும் வாளியும் ராட்டினமும். மண் சுவரைக் கொத்தினா இடிஞ்சிடும்னு ஜி.ஐ. பைப்பை வெளிச்சுவர் மேலயே ஓட்டினாங்க. ஓட்டுக் கூரை தொட்டியைத் தாங்காது. அதனால புதுசாக் கட்டின குளியலறை மேல தொட்டி. பத்தடி உயரத்துக்கு என்ன வேகம் வரும்? எங்க ஷவர் இன்னைக்கும் சொட்டுது :-)

அப்போ தண்ணி 20 அடியில. மோட்டார் மேலயே இருந்துச்சு. சில வருஷத்துல 40 அடிக்கு இறங்கிடுச்சு. மேலே தள்ளுறதுக்குப் பிரச்சினை இல்லை, மோட்டார் பவர் இருந்தாப் போதும். உறிஞ்சுறதுக்குத்தான் எல்லை. அதனால கர்டர் போட்டு மோட்டாரையே உள்ளே இறக்கினாங்க.

அதுக்கப்புறம்தான் வினை. ஃபுட் வால்வுல ஒரு சின்னக் கல் மாட்டினாப் போதும், பைப்ல நிக்கிற தண்ணி இறங்கிடும், மோட்டார் சும்மா சுத்தும். மறுபடி தண்ணி ஊத்தி நிரப்ப யாராவது இறங்கணும். இறங்கினது அப்பா. அப்ப அவருக்குப் பதினாறு வயசு. இடுப்புல கயிறு கட்டி, இன்னொரு நுனியை அப்பத்தா திட்டுல உக்காந்து பிடிச்சுக்கும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா "டேய், இருக்கறயா?"ன்னு கத்துமாம். ஒரு தடவை ஈரத்துல கால் வழுக்கி அப்பா கர்டர்ல தொங்கியிருக்கார். கயிறு இழுத்த தழும்பு அப்பத்தா உள்ளங்கையில கடைசி வரைக்கும் இருந்துச்சு. நான் அதை அருவா வெட்டுன்னே நினைச்சிருந்தேன்.

1991-ல் ஜெட் பம்ப் வந்துச்சு. மோட்டார் மேலே, கிணத்துக்குள்ள ரெண்டு பைப். ஒண்ணுல கொஞ்சம் தண்ணியைத் திருப்பிக் கீழே அனுப்பி, அந்த வேகத்துல இன்னொண்ணு வழியா மேலே ஏத்தும். 2017 வறட்சியில கிணறே வத்தி, போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்கினோம். அது தண்ணிக்குள்ளயே இருந்து தள்ளுறதால டாரிசெல்லி கணக்கு அதுக்கு இல்லை.

பழைய மோட்டாரைக் காயலான் கடைக்குப் போட்டாக்கூட காசு வருமே, ஏன் எடுக்கலைன்னு கேட்டேன்.

"எடுக்கணும்னா யாராவது இறங்கோணுமே. உங்கப்பத்தா விடலை."