பேரழிவு ஆயுதங்களும் நமது மனச்சான்றும்

போர்வீரர், பொதுமக்கள் என்ற வேறுபாடின்றி மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஆயுதங்களையே பேரழிவு ஆயுதங்கள் என்கிறோம். அணு ஆயுதங்கள், வேதியியல் ஆயுதங்கள், உயிரியல் ஆயுதங்கள் என இவை மூவகைப்படும்.

மாகறலைச் சுற்றியுள்ள நம் காஞ்சிபுரம் பகுதியும் போர்களைக் கண்ட மண்தான். 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகள் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளையும் பயன்படுத்தி ஆங்கிலேயப் படையை முறியடித்தன. அன்று மடிந்தவர்கள் பெரும்பாலும் களத்தில் நின்றவர்கள். அணுகுண்டுக்கோ ஊரே களம்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும், 9 அன்று நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டுகளை வீசியது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும், நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்தனர். முதலில் கடும் வெப்பம், அடுத்து அதிர்வலை, பின்னர் தீ. இவற்றில் தப்பியவர்களையும் கதிர்வீச்சு ஆண்டுக்கணக்கில் புற்றுநோயாகத் தொடர்ந்தது. ஆடையின் அடர்நிறப் பூ வேலைப்பாடு அப்படியே பெண்களின் தோலில் தீக்காயமாகப் பதிந்தது. பட்டில் பூ நெய்யும் நம் மக்களுக்கு இதன் வேதனை எளிதில் புரியும்.

நாகசாகியின் ஊராகாமி பேராலயம் குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு ஆயத்தமாக ஒப்புரவு அருட்சாதனம் பெறக் காத்திருந்தவர்களும், அருள்பணியாளர்களும் அங்கேயே இறந்தனர். அப்பகுதியின் சுமார் 12,000 கத்தோலிக்கரில் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர்.

1988 மார்ச் 16 அன்று ஈராக்கின் ஹலப்ஜாவில் நச்சு வாயு ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது. ஆனால் வேதியியல் ஆயுதங்களை ஒழிக்க முடியும் என்பதையும் உலகம் காட்டியுள்ளது. 1997-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, இந்தியா தன் இருப்பை 2009-இல் முற்றிலும் அழித்தது.

அணு ஆயுதங்களில் நிலை வேறு. 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் சோதனை நடத்திய இந்தியா, முதலில் பயன்படுத்துவதில்லை என அறிவித்துள்ளது. எனினும், 2021-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் அணு ஆயுதமுள்ள எந்த நாடும் சேரவில்லை. திருப்பீடம் 2017-இலேயே அதில் கையெழுத்திட்டது. அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் ஒழுக்கநெறிக்கு எதிரானது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஹிரோஷிமாவில் கூறினார்.

ஆகஸ்ட் 15 நமக்கு விண்ணேற்புப் பெருவிழா. நாட்டின் விடுதலை நாளும்கூட. அவ்விழாவைக் காணாமலேயே இறந்த ஊராகாமி மக்களை அன்று நம் மன்றாட்டில் நினைவுகூர்வோம். அணு ஆயுதம் நாட்டுக்குப் பெருமை என்ற எண்ணத்தை, நம் பிள்ளைகளோடு அமர்ந்து கேள்வி கேட்போம்.